சாரங்கு வரைந்த வலக்கை

கரையிலுள்ள தென்னைகளை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு அருகிலும், அவற்றின் நிழலில் ஒரு கணமேனும் நிற்க இயலாது என்னும் அளவுக்குத் தொலைவிலும், ‘மாலதி பிரபா’ என்னும் சரக்குக் கப்பல் ஓர் அந்நிய தேசத்துத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. முதல் மாதம் நின்றது. மூன்றாம் மாதமும் நின்றது. நங்கூரச் சங்கிலியில் பாசி படர்ந்து, அந்தப் பாசியை மேயச் சிறு மீன்கள் வந்து, அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வந்து குடியேறிய ஆறாம் மாதத்திலும் அது அவ்விடத்திலேயே நின்றது. கரையில் கொள்ளைநோய் என்றார்கள், பின்பு புதிய சட்டம் என்றார்கள், பின்பு காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கப்பலிலிருந்து எவரும் இறங்கலாகாது, கரையிலிருந்து எவரும் ஏறலாகாது என்னும் உத்தரவு மட்டும் மாறவில்லை. ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்த நாங்கள் பதினெட்டுப் பேரும் பதினைந்தாவது மாதத்தில் இருந்தோம்.

நிற்கிற கப்பலில் வேலை குறைவு என்று கரையிலுள்ளோர் எண்ணுவர். கடலோ இரும்பை ஒரு பொழுதும் சும்மா விடுவதில்லை. காலையில் சுத்தியலும் எந்திரத் தட்டியும் கொண்டு துருவைத் தட்டி உதிர்ப்போம். உதிர்த்த இடத்தில் பிரைமர் என்னும் செங்காவி நிற அடிப்பூச்சை இருமுறை பூசி, காயவைத்து, அதன்மேல் சாம்பல் நிறச் சாயம் அடிப்போம். தளத்தின் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடியை அடையும்போது தொடங்கிய இடத்தில் மீண்டும் துரு பூத்திருக்கும். தட்டித் தட்டி எங்கள் கைகளுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. தேநீர்க் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோகு முன் பாதி சட்டையில் சிந்திவிடும். ஒரு கரண்டிக்காக இருவர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சிலுவைப்பிச்சை என்கிற மாலுமி, எங்களிலெல்லாம் வாயாடி, தன் அறைக் கதவோடு மட்டும் பேசத் தொடங்கியிருந்தான்.

கப்பலில் ‘ரிலீஃப்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றே. நீ செய்யும் வேலையை ஏற்றுக்கொள்ள உன் இடத்துக்கு வருகிற மனிதன், அவனே ரிலீஃப். ‘உனக்கு ரிலீஃப் வந்தாச்சா’ என்று கேட்டால் ‘வீட்டுக்குப் போகிறாயா’ என்று கேட்டதாகும். ஆகவே கேப்டன் தாணுமாலயன் தலைமை அலுவலகத்துக்கு, ‘ஆட்கள் மிகவும் சோர்ந்துள்ளனர், உடனடியாக ரிலீஃப் அனுப்புக’ என்று செய்தி அனுப்பியபோது, அதைவிடத் தெளிவாக எழுத இயலாது என்றே அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். ‘அடுத்த படகில் வருகிறது’ என்று பதில் வந்தது; உத்தரவு தளர்ந்துவிட்டது என்றே கொண்டோம். அன்று கப்பலில் யாரும் சுத்தியலைத் தொடவில்லை. சவரம் செய்து, வெளுத்த சட்டை அணிந்து, கட்டிய பைகளோடு பதினெட்டுப் பேரும் கைப்பிடிக் கம்பியோரம் வரிசையாக நின்றோம்.

படகிலிருந்து கயிற்றுக் கூடையில் மேலேறி வந்தது ஒரு பெட்டி. அதற்குள் நாற்பது வண்ணக் குழாய்கள், தூரிகைகள், காகிதக் கட்டு, ‘மனச்சுமை குறைய ஓவியம்’ என்ற தலைப்பில் ஒரு சிறு புத்தகம். அலுவலகத்தில் புதிதாக அமர்ந்த நலப்பிரிவு அதிகாரி கப்பலேறாதவராம். அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறாக இருந்திருக்கிறது.

“ரிலீஃப் கேட்டோம், பெயிண்ட் வந்திருக்கு!” என்றான் சிலுவைப்பிச்சை, பல நாளுக்குப் பின் மனிதரிடம் பேசியவனாய். “பொழுது விடிஞ்சா பெயிண்ட், பொழுது அடைஞ்சா பெயிண்ட். இனி அந்தக் களைப்பு தீரவும் பெயிண்டாம். ஏல, சோத்துக்கும் இதையே ஊத்துவாங்களோ?”

“ஊத்துனா நீ மூணு தட்டு திம்பே,” என்றார் பண்டாரி. கப்பலில் சமையற்காரரைப் பண்டாரி என்பது வழக்கம். அவர் காயல்பட்டினத்து மீராசா, எல்லோருக்கும் காக்கா, அவர்கள் ஊர் வழக்கில் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. பெட்டி நான்கு நாள் சாப்பாட்டு அறையில் திறந்தபடி கிடந்தது. ஐந்தாம் நாள் அதை எடுத்தவர் சாரங்கு, அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவர், தூத்துக்குடி தொம்மை மச்சாது. ஐம்பத்திரண்டு வயது, ஒருமுறை கட்டளையிட்டால் மறுமுறை சொல்லமாட்டார். காகிதம் உப்புக் காற்றில் நமுத்துச் சுருண்டமையால் சாப்பாட்டு அறையின் இரும்புச் சுவரில் வரைவோம் என்றார். மற்றவர்கள் பழைய சாயத்தின் மேலேயே தத்தமக்குத் தோன்றியதை வரைந்தார்கள்: ஒருவன் மாட்டை, ஒருவன் பேருந்தை, ஒருவன் எதுவென்று அவனுக்கே தெரியாத ஒன்றை. சாரங்கு மட்டும் தன் பங்குச் சுவரைக் கப்பல் முறைப்படி தட்டி, துடைத்து, பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்து, காயவிட்டு, அதன்மேல் கப்பல் ஏணியை வரைந்து, ஏணியின் நடுப்படியில், தோளில் பையுடன் கீழே இறங்குகிற தன்னையே வரைந்தார். முகம் ஓரளவு அவரை ஒத்திருந்தது. வாய் சிரித்தவாறிருந்தது. கைகள் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. விரல்கள் ஒவ்வொரு முறையும் வாழைச் சீப்பாகவே முடிந்தன. ஆகவே இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் நுழைத்ததாக வரைந்து முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் போனபோது ஏணி மட்டும் இருந்தது. ஆள் இருந்த இடத்தில், ஆள் வடிவில், செங்காவிப் பிரைமர் தெரிந்தது.

கேப்டன் எல்லோரையும் தளத்தில் நிறுத்தி எண்ணினார். பதினெட்டு.

“பதினெட்டும் சரியா இருக்கு. அப்ப இறங்கினவன் யாருமில்ல, உத்தரவும் மீறப்படல்ல,” என்றார். கப்பல் நாட்குறிப்பில், ‘சாப்பாட்டு அறைச் சுவரிலிருந்து ஒருவர் ஊர் சென்றார், ஆள் எண்ணிக்கையில் மாற்றமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அத்துடன் அந்த விஷயம் கப்பலளவில் முடிந்தது. மற்றவர்களும் அன்றே தங்கள் மாட்டையும் பேருந்தையும் சுரண்டியெறிந்து, பிரைமர் முறையாகப் பூசி, பைகளோடு தங்களை வரைந்தார்கள். ஒன்றும் நகரவில்லை. “உம்ம பிரைமர்ல நீரு என்னத்தைக் கலந்தீரு, ஓய்?” என்று சிலுவைப்பிச்சை சாரங்கைக் கெஞ்சினான். கெஞ்சிவிட்டு, தான் வரைந்த தன்னையே நின்று பார்த்தான். “எங்க ஆத்தா பார்த்தா, ‘எம் பிள்ளை மூக்கு இவ்வளவு பெருசா’ன்னு அழுவா,” என்றான். சிறிது நேரத்தில் தூரிகையை எடுத்து மூக்கைத் திருத்தத் தொடங்கினான். அன்று முதல் அவன் கதவோடு பேசுவதை விட்டான்.

கப்பலைச் செலுத்தும் மேல்தளத்துப் பாலத்தறையில் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டு. வாரத்துக்கு இருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம் வீட்டாரோடு பேசலாம். பதினோராம் நாள் சாரங்கு தம் மனைவி மதலேனாளை அழைத்தார்.

“வந்துட்டீங்க,” என்றாள் அவள். “காலையில ஒம்பது மணி பஸ்ஸுல இறங்கி வந்தீங்க. பையை இறக்க மாட்டேங்கிறீங்க, உக்காரவும் மாட்டேங்கிறீங்க. சரி, அவ்வளவு தூரம் வந்த கால், நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“நான் எப்படி இருக்கேன்?”

“இளைச்சுத்தான் இருக்கீங்க. முகத்துல பச்சை கொஞ்சம் கூடிப்போச்சு. முதுகுப் பக்கம் முழுக்கச் செங்கல் நிறம்.”

“அது பிரைமர்.”

“என்ன எழவோ. தெருவுல கேட்டாங்க. கப்பல்ல வெயில் அப்படின்னு சொல்லிட்டேன்.”

தெருவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. வரவே வராத ஆளுக்கு இது எவ்வளவோ மேல் என்று அண்டை வீட்டார் கருதினார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியவர், சாயம் கரைந்துவிடுமோ என்று அஞ்சி, வாயால் மட்டும் ஆசீர்வதித்துச் சென்றார். மழை தூறிய நாளில் எதிர்வீட்டுப் பெண்கள் குடையோடு ஓடிவந்தார்கள். மீன் விற்பவள், “அண்ணன் பேசாட்டியும் சிரிச்ச முகமா இருக்காரு, எங்க வீட்டுல இருக்கிறது பேசிக்கிட்டே இருக்கு, ஒரு நாள் சிரிச்சதில்ல,” என்றாளாம். இவற்றையெல்லாம் சாரங்கு சாப்பாட்டு அறையில் வந்து சொல்ல, பதினேழு பேரும் சோற்றை மறந்து கேட்டோம். ஒருவன் வீடு போய்ச் சேர்ந்ததில் எங்களுக்கெல்லாம் சிறிது வீடு போனாற்போல் இருந்தது.

அடுத்த முறை பேசிவிட்டு வந்த சாரங்கு தட்டைத் தொடவில்லை.

அவருடைய தகப்பனார் சூசை மச்சாது நாற்பதாண்டு சங்கு குளித்தவர். ஆழத்து நீர் அவர் காதுகளைக் கிழித்துவிட்டது. முதுமை கண்களையும் எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளாக அவருக்கு உலகம் என்பது கையளவே: முகம் தடவி மருமகளை அறிவார், தட்டைத் தடவிச் சோற்றை அறிவார். தொலைபேசியில் எவர் பேசினாலும் அவருக்கு அது மரக்கட்டை. இப்போது அவர் படுத்துவிட்டார். மருத்துவமனையில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மகன் வந்திருக்கிறான் என்று மதலேனாள் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டியிருக்கிறாள். கிழவர் கையை நீட்டியிருக்கிறார்.

“நீட்டுன கையை மடக்கவே மாட்டேங்கிறாரு, காக்கா,” என்றார் சாரங்கு பண்டாரியிடம். “‘கையைக் குடுலே, கையைக் குடுலே’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். நான் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறேனாம். மதலேன் அந்தப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்கா. உள்ள ஒண்ணும் இல்ல. நான்தான் வரையலையே.”

“வரைஞ்சிரும்.”

“எனக்குக் கை வராது, காக்கா.”

“வர வைக்கணும். அவரு எவ்வளவு நாளு நீட்டிக்கிட்டே இருப்பாரு?”

அன்றிலிருந்து சாப்பாட்டு அறைச் சுவர் முழுவதும் கைகளாயிற்று. சாரங்கு வேலை முடிந்த நேரமெல்லாம் கை வரைந்தார். துடுப்புப் போன்ற கைகள், இறால் போன்ற கைகள், ஊதிய கையுறை போன்ற கைகள். அந்தச் சிறு புத்தகத்தில், ‘தெரிந்ததை வரையாதீர்கள், காண்பதை வரையுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது; அதை உரக்கப் படித்துக் காட்டியவர் கேப்டன். ஆனால் தன் வலக்கையால் வரைகிறவன் தன் வலக்கையை எப்படிக் காண்பான்? கண்ணாடியில் பார்த்தால் அது இடக்கையாகிவிடுகிறது. இடக்கையால் தூரிகை பிடித்தாலோ சுவரில் கோடு நேர்கொள்ளவில்லை. கிழவருக்கோ வலக்கைதான் வேண்டும். அவர் யாருடைய இடக்கையையும் தொட்டுப் பேசியவரல்லர்.

ஆகவே நாங்கள் முறைவைத்து வந்து எங்கள் வலக்கைகளை மேசைமேல் நீட்டினோம். பதினைந்து மாதம் ஒரே தட்டடுக்கில் தட்டெடுத்தவர்கள் அப்போதுதான் ஒருவர் கையை மற்றவர் பார்த்தோம்: இவன் சுண்டுவிரல் வளைந்திருப்பதும், அவன் நகம் ஒன்று வளராமலே நின்றுவிட்டதும், கரண்டிக்காக மண்டையுடைத்துக்கொண்ட இருவரின் உள்ளங்கையிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் காய்ப்பு இருப்பதும். அவ்விருவரும் அதைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சண்டைகள் குறைந்தன, உறக்கம் வந்தது. நலப்பிரிவு அதிகாரி விசாரித்திருந்தால், ஆம் ஐயா, மனச்சுமை குறைகிறது என்றே எழுதியிருப்போம். ஒருவருக்கு மட்டும் குறையவில்லை.

ஏனெனில் எங்கள் கைகள் யாவும் நடுங்கின. மேசைமேல் வைத்தாலும் விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. சாரங்கு ஒரு விரலை வரைந்து முடிக்கு முன் அது வேறிடத்தில் இருந்தது. துரு தட்டாத கை கப்பலில் இரண்டே. ஒன்று கேப்டனுடையது, அவர் தாமாகவே நீட்டினார்.

சாரங்கு பார்த்துவிட்டு, “மன்னிக்கணும் சார், எங்க அய்யா இதைத் தொட்டா தாசில்தார் வந்திருக்காருன்னு எந்திரிக்கப் பார்ப்பாரு,” என்றார்.

மற்றது பண்டாரி மீராசாவினுடையது: நாளெல்லாம் மாவு பிசைந்து தடித்து, வெங்காயத்தால் கட்டைவிரல் கறுத்து, மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்போடு, மேசைமேல் வைத்தால் வைத்தபடி அசையாதிருந்தது. இரண்டு பிற்பகல்கள் அவர் அதை அங்கேயே வைத்திருந்தார். நாங்கள் இரண்டு நாளும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றோம்.

தட்டி, துடைத்து, பிரைமர் இரு பூச்சுக் கொடுத்த இடத்தில், ஏணியின் அருகே அந்தக் கை உருவாயிற்று. அது நீட்டியிருந்தது, எதையும் கேட்காமல், கொடுப்பதற்கென்றே நீட்டியிருந்தது. மறுநாள் காலை அவ்விடத்தில் செங்காவி நிறத்தில் ஐந்து விரல்களின் வடிவம் மட்டும் எஞ்சியது.

ஆள் போய்ச்சேரப் பதினோரு நாள் ஆயிற்றல்லவா, கையும் அத்தனை நாள் எடுத்துக்கொள்ளுமோ என்று சாரங்கு அஞ்சினார். கை சுமையின்றிப் போயிற்று போலும். மூன்றாம் நாளே மதலேனாள் சொன்னாள்:

“பாக்கெட்டுலேர்ந்து கை வெளிய வந்துட்டு. மாமா பிடிச்சுக்கிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“தடவிப் பார்த்தாரு. ‘இது தொம்மை கை இல்ல’ன்னாரு. பிறகு மறுபடி தடவிப் பார்த்தாரு. ‘ஆனா பாடுபட்ட கைதான், இருக்கட்டும்’னு சொல்லி நெஞ்சுமேல வச்சுக்கிட்டாரு. விடவே இல்ல.”

சாரங்கு கீழே இறங்கி வந்து இதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. சமையலறையில் மீராசா அகப்பையை இடக்கையில் பிடித்தபடி நின்றார். வலக்கை, மார்பளவு உயரத்தில், காற்றில், யாரோ பற்றியது போல் நின்றது.

“உம்ம தகப்பனாருக்கு நல்ல பிடி,” என்றார். “சூடா இருக்காரு. காய்ச்சல் இருக்கும்போல.”

மூன்று நாள் அவர் இடக்கையால் சமைத்தார். குழம்பில் உப்பு ஒரு வேளை கரித்தது, மறுவேளை இல்லாமலே போயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை. சிலுவைப்பிச்சை அவருக்கு வெங்காயம் உரித்தான். தொழுகையின்போது அந்த ஒரு கை மட்டும் அவர் சொற்படி கேட்கவில்லை. “அல்லா அறிவான்,” என்று அதை அதன் போக்கில் விட்டார். சாரங்கு வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் சமையலறை வாசலிலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்தார். ‘இப்ப எப்படி இருக்கு, காக்கா?’ என்பார். ‘கட்டைவிரலால தடவுறாரு’ என்பார் மீராசா. ‘தூங்குறாரு போல, பிடி தளர்ந்திருக்கு’ என்பார். ஒருமுறை சாரங்கு எழுந்து, பண்டாரியின் விரல்களைச் சுற்றியிருந்த வெற்று வெளியில் தம் கையை வைத்துப் பார்த்தார். அவருக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. மீண்டும் வாளியில் அமர்ந்தார். அப்போது அவரைப் பார்க்கத் துணிந்தவர் எங்களில் எவருமில்லை.

நான்காம் நாள் மூன்று மணித் தேநீருக்கு நாங்கள் கூடியிருந்தபோது மீராசா, “சாரங்கு,” என்றார். குரல் மாறியிருந்தது. “அழுத்துறாரு. ரெண்டு தடவை. நிறுத்திட்டு, மறுபடி ரெண்டு தடவை. என்னத்தையோ கேக்குறாரு. என்ன வேணுமாம்?”

சாரங்கு எழுந்தார்.

“பத்து வயசுலேர்ந்து அய்யாவுக்கு நான்தான் கயிறு பிடிச்சேன்,” என்றார். “அவரு அடியில சங்கு பொறுக்குவாரு, நான் வள்ளத்துல இருப்பேன். ஒரு இழுப்புன்னா கயித்தை விடணும். ரெண்டுன்னா…”

“ரெண்டுன்னா?”

“மூச்சு முட்டுது, தூக்குன்னு அர்த்தம்.”

மீராசா விதிர்த்தார். “ரெண்டு,” என்றார். “ஐயோ, ரொம்ப அவசரமா. சாரங்கு, நான் என்ன செய்ய?”

“கையைக் குடும். ரெண்டு பேருமா இழுப்போம். வெடுக்குன்னு இழுக்கப்படாது. சீரா.”

தொம்மை மச்சாது பண்டாரியின் மணிக்கட்டை, தழும்பு இருந்த இடத்தில், இரு கைகளாலும் பற்றினார். பதினைந்து மாதம் தட்டித் தட்டி நடுங்கிய கைகள் அப்போது நடுங்கவில்லை. இருவரும் சேர்ந்து, ஈரக் கயிற்றை வாங்குவதுபோல், சாண் சாணாக மேலே தூக்கினார்கள். மார்பளவிலிருந்து முகத்தளவுக்கு, முகத்தளவிலிருந்து தலைக்கு மேல். மிகப் பாரமான ஒன்று மிக ஆழத்திலிருந்து வருவதை மீராசாவின் தோளில் கண்டோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். சாரங்கு அந்தத் தொழிலின் வழக்கப்படி வாய்க்குள் எண்ணிக்கொண்டே தூக்கினார். பதினெட்டுப் பாகம், அதாவது பதினெட்டு ஆள் ஆழம், எண்ணியபோது கை திடீரென இலேசாகி, தன்னாலே மேலேறி நின்றது.

“விட்டுட்டாரு,” என்றார் மீராசா. “வந்துட்டாரா, சாரங்கு?”

சாரங்கு உதட்டில் விரலை வைத்தார். மேலே வருகிறவர் தலையை நீருக்கு வெளியே நீட்டி முதல் மூச்சை விடும்வரை கயிறு பிடித்தவன் பேசலாகாது என்பது அவருடைய தகப்பனார் வைத்த சட்டம் என்று பிற்பாடு அறிந்தோம். அப்போது அறியாமலே நாங்களும் வாய்மூடி நின்றோம். அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்து வற்றியது. பாலத்தறையில் தொலைபேசி மணி அடித்தது கேட்டது; பின் நின்றது; பின் கேப்டன் தாணுமாலயன் ஏணிப்படியில் இறங்கி வரும் காலடி கேட்டது. வாசலில் வந்து நின்றவர் எங்களைப் பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சாரங்கு பண்டாரியின் கையை உயர்த்திப் பிடித்தபடியே, தலையைச் சற்றுச் சாய்த்து, அந்த மூச்சுக்குச் செவி கொடுத்து நின்றார்.